ஒரே கழிப்பறை உள்ள வீட்டில் கொரோனா நோயாளியைத் தனிமைப்படுத்துவது எப்படி?

தனி அறை, அதனுடன் சேர்ந்த கழிப்பறை, வெளியே தோட்டம் என்று எல்லாம் வாய்த்த வீட்டை மனத்தில் வைத்துத்தான் வீட்டுத் தனிமை விதிகளை எழுதினார்கள். நம் ஊரில் பாதிப்பேர் குடியிருப்பது ஒரு படுக்கையறை, ஒரு ஹால், நடையில் ஒரு கழிப்பறை என்ற வாடகை வீட்டில். 2021 மே மாதத்தில் மருத்துவமனைப் படுக்கைக்காகவும் ஆர்டி-பிசிஆர் என்ற தொற்றுப் பரிசோதனையின் முடிவுக்காகவும் காத்திருந்த நாட்களை அந்த வீட்டிலேயேதான் கழிக்க வேண்டியிருந்தது. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்த அன்றே தனிமையைத் தொடங்குங்கள். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே தொற்று பரவும்.

வீட்டில் முதியவரோ, சர்க்கரை அல்லது சிறுநீரக நோயாளியோ, கர்ப்பிணியோ இருந்து, நோயாளிக்குத் தனியாக ஓர் அறைகூட ஒதுக்க முடியாது என்றால், 2021-ல் அரசின் கோவிட் பாதுகாப்பு மையமே நல்லதாக இருந்தது. இப்போது எங்கே சேர்க்கலாம் என்று அரசு மருத்துவ உதவி எண்ணான 104-க்கு அழைத்துக் கேளுங்கள். அறை ஒன்று இருக்கிறது, கழிப்பறை மட்டும் பொது என்பவர்களுக்கே கீழே உள்ளவை.

முதலில் காற்று

பால் பாக்கெட்டைக் கழுவுவதிலும் காய்கறியை மஞ்சள் தண்ணீரில் ஊற வைப்பதிலும் போகிற உழைப்பில் கால்வாசியை ஜன்னல் மீது செலுத்தினால் போதும். இந்த வைரஸ் பெரும்பாலும் மூச்சுக்காற்று வழியாகத்தான் தொற்றுகிறது. 2020 ஏப்ரலில் திருப்பூர் சந்தையில், நடந்து போகிறவர்கள் மீது மருந்து தெளிக்கும் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள், மற்ற ஊர்களும் அதைப் பார்த்து வைத்தன. அதே மாதத்திலேயே ஆட்கள் மீது மருந்து தெளிக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் சொல்லிவிட்டது. ஆனால் தெளிக்கிற பழக்கம் மட்டும் 2021-லும் நம்மை விட்டுப் போகவில்லை.

நோயாளியின் அறைக் காற்று ஜன்னல் வழியாக வெளியே போக வேண்டும், ஹாலுக்குள் வரக் கூடாது. அதற்கு ஒரு டேபிள் ஃபேன் போதும். அறைக்குள், ஜன்னலிலிருந்து ஓரடி அல்லது ஒன்றரை அடி தள்ளி, முகம் வெளியே பார்க்க அதை வையுங்கள். கதவைச் சாத்தி, அடியில் இரண்டு விரல் இடைவெளி மட்டும் விடுங்கள். ஹாலில் எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள். இப்போது ஹாலில் இருந்து அறைக்கும், அறையில் இருந்து வெளிக்கும் காற்று ஓடும்.

ஓடுகிறதா என்று பார்க்க, டிஷ்யூ காகிதத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு துண்டைக் கிழித்து, ஹால் பக்கம் நின்று கதவின் அடி இடைவெளியில் தொங்கவிடுங்கள். காகிதம் அறைக்குள் சாய்ந்தால் சரி. ஹால் பக்கம் சாய்ந்தால் எங்கோ கோளாறு. பெரும்பாலும் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன்தான் காரணம், அது அறைக் காற்றை ஹாலுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். அதை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். வெளிக்காற்று அறை ஜன்னலில் நேரே மோதினாலும் இப்படி ஆகும். அப்போது அந்த ஜன்னலின் ஒரு கதவை மட்டும் திறந்து ஃபேனை அதற்கு நேரே வைத்தால் சரியாகிவிடும். அறையில் சீலிங் ஃபேனை வேகமாக ஓட்டினால் காற்று சுழன்று கதவிடுக்கு வழியாகவும் வெளியே வரும், அதனால் அது மெதுவாகவே ஓடட்டும். ஸ்ப்ளிட் ஏசி வேண்டவே வேண்டாம். அது வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருப்பதையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது.

சந்து வீடுகளில் உங்கள் ஜன்னலுக்கு நேரே நாலடியில் அடுத்த வீட்டு ஜன்னல் இருக்கும். அவர்களிடம் சொல்லி அந்த ஒன்றை மட்டும் சாத்திவைக்கக் கேளுங்கள். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்.

பொதுக் கழிப்பறை

நோயாளி அறையை விட்டு வெளியே வருவது இங்கே மட்டும்தான், அதனால் ஆபத்தும் இங்கேதான் அதிகம். அதிலும் மாஸ்க்கைக் கழற்றிச் செய்யும் வேலைகள்தான் மோசம்: பல் துலக்குவது, வாய் கொப்பளிப்பது, காறித் துப்புவது. இந்த மூன்றையும் நோயாளி தன் அறையிலேயே ஒரு பேசினில் முடித்துக்கொள்ளட்டும். அந்தத் தண்ணீரைப் பிறகு கழிப்பறையில் ஊற்றிவிடலாம்.

கழிப்பறைக்கு வரும்போது மாஸ்க் கட்டாயம். அவர் வருவதற்கு முன் மற்றவர்கள் ஹாலின் அடுத்த மூலைக்கோ மொட்டைமாடிக்கோ போய்விடுங்கள். கழிப்பறை ஜன்னல் திறந்தே இருக்கட்டும், எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் நாள் முழுக்க ஓடட்டும். மூடி உள்ள கழிப்பறை என்றால் மூடிவிட்டு ஃப்ளஷ் செய்யுங்கள். இந்தியன் டாய்லெட்டுக்கு மூடி கிடையாது, அதனால் வாளித் தண்ணீரைச் சாய்த்து மெதுவாக ஊற்ற வேண்டும். குளிப்பதை வீட்டில் எல்லோரும் முடித்த பிறகு, கடைசியாக வைத்துக்கொள்ளட்டும்.

அவர் போன பிறகு குறைந்தது அரை மணி நேரம் யாரும் உள்ளே போகாதீர்கள். அவசரம் என்றால், காற்றை நன்றாக வடிகட்டும் என்-95 மாஸ்க் போட்டுக்கொண்டு போங்கள். வாளி, மக், சோப்பு, துண்டு நான்கும் அவருக்குத் தனி. தாழ்ப்பாள், சுவிட்ச், குழாய்த் திருகு, ஃப்ளஷ் பித்தான் ஆகியவற்றை அவரே வெளியே வரும்போது துடைத்துவிட்டு வந்தால் மற்றவர்களுக்கு வேலை மிச்சம்.

துடைக்கிற தண்ணீர்: ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் பிளீச்சிங் பவுடர், சுமார் 4 கிராம். 30 சதவீதக் குளோரின் உள்ள பவுடரில் இது 0.1 சதவீதக் கரைசலுக்குச் சற்று மேலே வரும், தொடுமிடங்களுக்கு அது போதும். அரசு அறிவுறுத்தலில் வந்த 1 சதவீதக் கரைசலுக்கு லிட்டருக்குச் சுமார் 33 கிராம் வேண்டும். அதைக் கழிப்பறைத் தரைக்கு வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். முதலில் சோப்புத் தண்ணீர், அது காய்ந்த பிறகு இது. அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். பத்து நிமிடம் ஈரமாக விட்டு, உலோகக் குழாய்களை வெறும் தண்ணீரால் துடையுங்கள், இல்லாவிட்டால் அரிக்கும். திறந்து மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட்டில் வீரியம் இருக்காது. கரைத்ததையும் அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட் சேரவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். நுரையீரல் ஏற்கெனவே அடிபட்ட ஒருவர் நாலுக்கு நாலடி அறையில் அதைச் சுவாசித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாஸ்க், சாப்பாடு, துணி, குப்பை

நோயாளிக்கு மூன்று அடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க், பார்த்துக்கொள்பவருக்கு வால்வு இல்லாத என்-95. வால்வு வைத்ததை நோயாளிக்குக் கொடுக்காதீர்கள், அவர் விடும் மூச்சு வடிகட்டாமலே வெளியே வரும். என்-95 போட்டதும் பலமாக ஊதிப் பாருங்கள். கண்ணில் காற்றுப் பட்டால் மூக்குக் கம்பியை இன்னும் அழுத்த வேண்டும். தாடி இருந்தால் எதுவும் ஒட்டாது. எளிதில் கிடைக்காவிட்டால் நான்கைந்து வாங்கி, தேதி எழுதிய காகிதப் பைகளில் போட்டு முறை வைத்து மாற்றிப் போடலாம். துவைப்பதும் சானிடைசர் அடிப்பதும் அதன் வடிகட்டும் திறனைக் கெடுத்துவிடும்.

சாப்பாட்டை வாசலில் ஒரு ஸ்டூலில் வைத்து, தட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். தட்டை வழக்கம்போல் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், துணியும் அப்படித்தான். உதறாமல் நனையுங்கள், வெயிலில் காயப்போடுங்கள். அவர் பயன்படுத்திய மாஸ்க்கை வெட்டி, காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்திருந்து பிறகு குப்பையில் சேருங்கள். மாநகராட்சி மஞ்சள் பை கொடுத்திருந்தால் அதில் போடுங்கள்.

ஆவி பிடிப்பதென்றால் அறைக்குள் தனியாகப் பிடிக்கட்டும். 2021 மே மாதத்தில் பொது இடங்களில் கும்பலாக ஆவி பிடிக்க வைத்தபோது தமிழகத்தின் அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியனே வேண்டாம் என்றார். கொதிக்கும் பாத்திரம் சரிந்து தொடை வெந்து போவதும் நடக்கிறது. ஆவி மூக்கடைப்புக்குச் சுகம் தரும், வைரஸை ஒன்றும் செய்யாது.

ஆக்ஸிமீட்டரும் நோட்டுப் புத்தகமும்

அறிகுறி தொடங்கிய ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரைதான் கவனம் கூடுதலாக வேண்டும். காய்ச்சல் இறங்கிவிட்டது, நன்றாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆக்ஸிஜன் குறைந்திருக்கும். மூச்சுத் திணறல் தெரியாமலே குறைவது இந்த நோயின் குணம்.

ஆக்ஸிமீட்டர் என்பது விரலில் மாட்டி ரத்த ஆக்ஸிஜன் அளவைச் சதவீதத்தில் பார்க்கும் கருவி. அதில் அளக்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். நெயில் பாலிஷ் இருந்தால் அழிக்க வேண்டும். மருதாணிச் சிவப்பு உள்ள விரலை விட்டுவிட்டு வேறு விரலில் பாருங்கள். கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, ஆள்காட்டி விரலிலோ நடுவிரலிலோ மாட்டி, கையை நெஞ்சின் மேல் அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். முதலில் வரும் எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். ஒரு நிமிடம் விட்டு, ஐந்து வினாடி மாறாமல் நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளுக்கு மூன்று வேளை எழுதுங்கள். மொபைல் செயலி காட்டும் அளவை நம்பவே கூடாது.

94-ம் அதற்கு மேலும் இருந்தால் வீட்டிலேயே இருக்கலாம். 93 முதல் 90 வரை என்றால் அன்றே மருத்துவரிடமோ மருத்துவமனைக்கோ போக வேண்டும். 90-க்குக் கீழே போனால் உடனே 108. உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருந்தால், அறைக்குள்ளேயே ஆறு நிமிடம் நடக்கச் சொல்லி மறுபடி பாருங்கள், அறுபது வயதைத் தாண்டியவருக்கு மூன்று நிமிடம் போதும். மூன்று புள்ளி குறைந்தாலோ 94-க்குக் கீழே இறங்கினாலோ மருத்துவரை அழையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த நடையைச் செய்ய வேண்டாம். கருவியே இல்லை என்றால், அவருக்குத் தெரியாமல் வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 24-ஐத் தொட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குழப்பமாகப் பேசுவது, உதடு நீலம் பாய்வது, நெஞ்சு வலி, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்குவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

ஆம்புலன்ஸ் வரும் வரை குப்புறப் படுக்க வையுங்கள். தலையணை ஐந்து வேண்டும்: கழுத்துக்கடியில் ஒன்று, நெஞ்சிலிருந்து தொடை வரை ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்குக் கீழே இரண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். கர்ப்பிணிகள், கடுமையான இதய நோயாளிகள், முதுகெலும்போ இடுப்பெலும்போ முறிந்தவர்கள் செய்யக் கூடாது. இதை மருத்துவமனைக்குப் பதிலாக வைத்துக்கொண்டு நாளைக் கடத்திவிடாதீர்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். கல்லீரல் நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டே கொடுங்கள். 2021-ல் வாட்ஸ்அப்பில் சுற்றிய மருந்துச் சீட்டில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தது. ஆக்ஸிஜன் அளவு சரியாக இருப்பவர் அதைச் சாப்பிட்டால் நன்மை கிடையாது, சர்க்கரைதான் எகிறும். கருப்புப் பூஞ்சை என்ற கொடிய பூஞ்சைத் தொற்றுக்கும் அது வழி விடும்.

எப்போது வெளியே வரலாம்

2021 மே மாத விதிப்படி, அறிகுறி தொடங்கி பத்து நாள் கடந்து, கடைசி மூன்று நாள் மாத்திரை இல்லாமலே காய்ச்சல் வராமல் இருந்தால் தனிமை முடிந்ததாகக் கணக்கு. அறிகுறியே இல்லாதவருக்கு அப்போது மாதிரி எடுத்த நாளிலிருந்து பத்து நாள். மறுபடி டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை. தொற்றும் தன்மை போன பிறகும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டலாம், வீணாகப் பயப்படுவதுதான் மிச்சம். அப்போது வேலைக்குச் சேர்க்க நெகட்டிவ் ரிப்போர்ட் கேட்ட முதலாளிகளிடம் இந்த விதியைக் காட்ட முடிந்தது. தடுப்பூசி போடாதவரும், ஒரு தவணை மட்டும் போட்டவரும் குணமாகி மூன்று மாதம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம் என்பது 2021 மே மாத விதி.