அமீரகத்துக்குப் புதிதாக வந்த குமரிக்காரர்களுக்கு: கார்டு, ஓ.டி.பி., ஊரில் உள்ள கணக்கு

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி துபாயிலோ ஷார்ஜாவிலோ வந்து இறங்கிய முதல் சில மாதங்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். மெடிக்கல், எமிரேட்ஸ் ஐ.டி. கைரேகை, இன்சூரன்ஸ், லேபர் காண்ட்ராக்ட், பேங்க் கணக்கு என்று எங்கிருந்தாவது ஒரு மெசேஜ் வந்துகொண்டே இருக்கும். எது கம்பெனி அனுப்பியது, எது அரசாங்கம் அனுப்பியது, எது திருடன் அனுப்பியது என்று பிரித்துப் பார்க்க நமக்கு இன்னும் பழகியிருக்காது. அந்தக் குழப்பத்துக்குள்தான் அவன் நுழைகிறான்.

லாட்டரி விழுந்திருக்கிறது என்று ஆசை காட்டுகிறவனை நம் ஆட்கள் இப்போது சுலபமாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பயம் காட்டுகிறவனிடம்தான் மாட்டுகிறார்கள். 'உங்கள் எமிரேட்ஸ் ஐ.டி. முடக்கப்பட்டுள்ளது', 'பேங்க் கார்டு இன்று இரவோடு நின்றுவிடும்', 'போலீஸ் ஃபைன் பாக்கி இருக்கிறது'. ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்துக்காக அம்மையின் நகை மார்த்தாண்டத்தில் அடகில் கிடக்கும்போது, விசா கேன்சல் ஆகிவிடும் என்று ஒருவன் சொன்னால் யாருக்கும் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். அந்தப் படபடப்பில் இருக்கும் ஐந்து நிமிடம்தான் அவனுக்கு வேண்டியது. யோசிக்க நேரம் கொடுக்காமல் அவசரப்படுத்துகிறானா, அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அரசாங்க அலுவலகம் எந்த நாட்டிலும் இவ்வளவு அவசரப்பட்டதில்லை.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆட்களுக்கு இதில் இன்னொரு சங்கதி உண்டு. இந்தியில் பேசினால் புரியவில்லை என்று வைத்துவிடுவோம். மலையாளத்தில் 'சேட்டா' என்று ஆரம்பித்தாலோ, நல்ல தமிழில் 'அண்ணே' என்று கூப்பிட்டாலோ நம்ம ஆள் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. பேங்க் கால் சென்டரில் மலையாளிகளும் தமிழர்களும் வேலை பார்க்கிறார்கள் என்பது உண்மைதான். மோசடிக் கும்பலிலும் இருக்கிறார்கள். பெயர், எமிரேட்ஸ் ஐ.டி. நம்பர், கம்பெனி பெயர் எல்லாம் சரியாகச் சொல்கிறானே என்று நம்ப வேண்டாம். ஜெராக்ஸ் கடையிலிருந்து டைப்பிங் சென்டர் வரை நம் ஐ.டி. நகல் போகாத இடம் கிடையாது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். போனை வைத்துவிட்டு, கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். வந்த நம்பருக்குத் திரும்பக் கூப்பிடக் கூடாது. கூகுளில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' நம்பரும் வேண்டாம். போலி நம்பர்களை அங்கே போட்டு வைப்பது அவர்களின் பழைய வேலை.

ஓ.டி.பி. மெசேஜை முழுசாகப் படிக்க வேண்டும்

'பார்சல் வந்திருக்கிறது, டெலிவரிக்கு 3 திர்ஹாம் கட்டுங்கள்' என்று ஒரு லிங்க் வரும். போஸ்ட் ஆபீஸ் பெயரில் வரலாம், பார்க்கிங் ஃபைன், சாலிக் (துபாய் சாலைச் சுங்கம்) பாக்கி என்றும் வரலாம். தொகை சின்னது என்பதால் யாரும் யோசிப்பதில்லை. உள்ளே போனால் கார்டு நம்பர், காலாவதி தேதி, பின்னால் உள்ள மூன்று எண் எல்லாம் கேட்கும். அப்புறம் ஓ.டி.பி. கேட்கும்.

இங்கேதான் நிற்க வேண்டும். மெசேஜில் அந்த ஆறு எண்ணை மட்டும் பார்த்து டைப் செய்கிறோம், மேலே உள்ள வரியைப் படிப்பதில்லை. எந்தக் கடைக்கு எவ்வளவு தொகை போகிறது என்று அதிலேயே எழுதியிருக்கும். 3 திர்ஹாம் கட்ட நினைத்தவருக்கு 3,000 திர்ஹாமுக்கான ஓ.டி.பி. வந்திருக்கும். அதைவிட மோசமானது ஒன்று உண்டு. மெசேஜில் தொகையே இருக்காது. உங்கள் கார்டை ஆப்பிள் பே அல்லது கூகுள் பேயில் சேர்ப்பதற்கான கோடு என்று இருக்கும். அதைக் கொடுத்தால் உங்கள் கார்டு அவன் போனுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் உங்களிடம் ஓ.டி.பி. கேட்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. கடை கடையாகப் போனைத் தட்டி வாங்கிக்கொண்டே இருப்பான்.

எஸ்.எம்.எஸ்., இமெயில் வழி ஓ.டி.பி.யைப் படிப்படியாக நிறுத்திவிட்டு ஆப் வழியாகவே ஒப்புதல் வாங்கும் முறைக்கு அமீரக வங்கிகள் 2025 ஜூலையிலிருந்து மாறத் தொடங்கின. இது நல்லதுதான். ஆனால் வேலை நேரத்தில் போன் அதிர்ந்ததும் பார்க்காமல் 'அப்ரூவ்' அழுத்துகிற பழக்கம் இருந்தால் பழைய கதைதான். அரசு, வங்கிச் சேவைகளில் நம் அடையாளத்தைக் காட்டி லாகின் செய்யும் யு.ஏ.இ. பாஸ் ஆப்பும் அப்படியே. நீங்கள் எங்கும் லாகின் செய்யாமல் ஒரு கோரிக்கை வந்தால் நிராகரித்துவிடுங்கள். உங்கள் பெயரில் வேறு யாரோ உள்ளே போகப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். சவுதிக்குப் போனவர்களுக்கு அங்கத்திய அரசு ஆப்களான அப்ஷர், நஃபாத் இரண்டும் இதே மாதிரிதான்.

'சார், ஒரு ஆப் இறக்கிக்கோங்க, நான் சரி பண்ணித் தாறேன்' என்று எனிடெஸ்க், டீம்வியூவர் என நம் போனைத் தூரத்திலிருந்து இயக்கும் ஆப் எதையாவது சொன்னால் அதற்கு மேல் பேச வேண்டாம். வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. ஃபைலும் (போனில் ஆப் நிறுவும் ஃபைல்) தொடக் கூடாது, அது கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வந்தாலும் சரி.

ரூமுக்குள் வரும் ஆபத்து

பெட் ஸ்பேஸில், அதாவது கட்டிலுக்கு மட்டும் வாடகை கொடுக்கும் ரூமில், எட்டு பேர் ஒன்றாக இருக்கிறோம். ஒருவர் ஏ.டி.எம். போனால் மற்றவர்களும் கார்டைக் கொடுத்து, பின் நம்பரையும் சொல்லி, 'எனக்கும் ஐநூறு எடுத்துட்டு வா' என்பது சாதாரணம். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. நடந்தால், பின் நம்பரை நீங்களே கொடுத்தீர்கள் என்பதால் வங்கி கையை விரித்துவிடும். குளச்சல், முட்டம், தூத்தூர் பக்கத்திலிருந்து வளைகுடாவில் போட்டில் வேலைக்கு வருகிறவர்களுக்கு இது இன்னும் சிக்கல். நாள்கணக்கில் கடலில் சிக்னல் இருக்காது, கரையில் யாரிடமாவது கார்டைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும் என்பார்கள். கார்டை ஆப்பில் லாக் செய்துவிட்டுப் போகலாம்; திரும்பி வந்து ஒரு நிமிடத்தில் திறந்துகொள்ளலாம். வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணத்தைக் கடலுக்குப் போகும் முன்பே அனுப்பிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, பணம் போவதில் இல்லை, பணம் வருவதில் இருக்கிறது. 'மச்சான், எனக்கு இன்னும் கணக்கு திறக்கல. உன் கணக்குல ஐயாயிரம் வரும், எடுத்துக் குடு, நூறு நீ வச்சுக்கோ.' ஊர்க்காரன்தான், திங்கள்சந்தைக்காரன்தான், கருங்கல்காரன்தான். மறுக்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் அந்த ஐயாயிரம் யாரோ ஒருவர் கார்டிலிருந்து திருடிய பணமாக இருந்தால், போலீஸ் முதலில் வந்து தட்டுவது கணக்கின் சொந்தக்காரர் கதவை. எனக்குத் தெரியாது என்று சொல்லி அவ்வளவு எளிதில் தப்பிக்க முடியாது. கணக்கு முடங்கும், சம்பளம் உள்ளே மாட்டும், வழக்கு வரும், சிறையும் நாடுகடத்தலும் வரைக்கும் போகலாம். நட்புக்காகச் சோறு போடுங்கள், கைமாற்றாகக் காசு கொடுங்கள். கணக்கையும் சிம்மையும் மட்டும் கொடுக்காதீர்கள். ஊரிலும் இதே வியாபாரம் நடக்கிறது: காலேஜ் பையன்களிடம் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் எல்லாவற்றையும் வாங்கிப் போகிறார்கள். தம்பிமார் இருந்தால் சொல்லி வையுங்கள்.

டெலிகிராமில் ஹோட்டலுக்கு ரிவ்யூ எழுதினால் காசு என்று வருவது பற்றி நீட்டவில்லை. முதலில் ஐம்பது திர்ஹாம் தருவான், பிறகு உங்களை முதலீடு செய்யச் சொல்வான். முடிந்தது.

ஊரில் உள்ள கணக்கு

நம் பணத்தில் பெரும்பகுதி இங்கே தங்குவதில்லை, நாகர்கோவிலிலோ தக்கலையிலோ உள்ள கணக்குக்குப் போய்விடுகிறது. அதைப் பாதுகாக்காமல் இங்கே கார்டை மட்டும் பொத்திப் பொத்தி வைத்துப் பயன் இல்லை.

முதலில் சிம். இந்திய நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் துண்டித்துவிடுவார்கள். கொஞ்ச காலம் கழித்து அதே நம்பர் வேறொருவருக்குப் போகும். உங்கள் கணக்கின் ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் போய்க்கொண்டிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒன்று, நம்பரை உயிரோடு வைத்து ரோமிங்கில் கையில் வைத்திருங்கள்; இல்லையென்றால் வங்கியில் எழுதிக் கொடுத்து அமீரக நம்பருக்கு மாற்றுங்கள். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. (வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கு), என்.ஆர்.ஓ. (இந்திய வருமானத்துக்கு) கணக்குகளுக்கு வெளிநாட்டு நம்பரில் யு.பி.ஐ. பயன்படுத்த 2023 ஜனவரியில் அனுமதி வந்தது. முதலில் அனுமதி கிடைத்த 10 நாடுகளில் அமீரகம், சவுதி, கத்தார், ஓமன் எல்லாம் உண்டு.

வேலைக்குப் போனதும் பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. ஆக மாற்ற வேண்டும் என்பது சட்டம். இதை வைத்தே 'கே.ஒய்.சி. அப்டேட் பண்ணலேன்னா கணக்கு முடங்கும்' என்று மெசேஜ் வரும். மாற்றுவது கிளையில், உங்கள் கையெழுத்தோடு, லிங்கில் அல்ல. இந்திய வங்கிகளின் சேவை அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் வர வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 1600-லிருந்தே வந்தாலும் ஓ.டி.பி.யைச் சொல்லக் கூடாது என்பதில் மாற்றம் இல்லை.

என்.ஆர்.இ. கார்டை வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நம் ஊரில் நிறைய. என் யோசனை: வீட்டுச் செலவுக்கு அம்மை பெயரிலோ மனைவி பெயரிலோ தனியாக ஒரு சின்னக் கணக்கு வைத்து மாதாமாதம் அதில் போடுங்கள். பெரிய தொகை கிடக்கும் கணக்கின் கார்டில் ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனை இரண்டையும் ஆப்பில் அணைத்து வையுங்கள். இந்த சுவிட்ச் எல்லா இந்தியக் கார்டுக்கும் இருக்க வேண்டும் என்று 2020-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது.

வீட்டாரையும் பயம் காட்டிப் பிடிக்கிறார்கள் என்பதை இப்போதே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். 'உங்க மகன் துபாயில போதைப்பொருள் கேஸ்ல மாட்டியிருக்கான்' என்று வாட்ஸ்அப்பில் யூனிபார்ம் போட்ட ஒருவன் வீடியோவில் வருவான். வீடியோ காலிலேயே கைது என்று மிரட்டும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று இந்தியச் சட்டத்திலேயே கிடையாது. அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் சாதாரணமாகப் போகாது, நாமெல்லாம் போட்டிம் ஆப்பில்தான் வீட்டுக்குப் பேசுகிறோம். அதனால் 'துபாய் போலீஸ்' வாட்ஸ்அப்பில் வீடியோ போடுகிறது என்றாலே சந்தேகப்படலாம். உங்கள் குரல் மாதிரியே கேட்டாலும் சரி, கட் செய்துவிட்டு உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் எடுக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று ரூம்மேட் ஒருவர் நம்பரையும் கொடுத்து வையுங்கள்.

பணம் போய்விட்டால்

ரூமில் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேச வேண்டாம். முதலில் ஆப்பைத் திறந்து கார்டை நிறுத்துங்கள். உடனே வங்கிக்குப் போன் செய்து புகார் பதிவு எண் வாங்கி, நேரத்தோடு குறித்து வையுங்கள். பிற்பாடு எல்லா வாதமும் அந்த நேரத்தை வைத்துத்தான் நடக்கும். அமீரகக் கார்டு என்றால் டிஸ்ப்யூட் ஃபார்ம் ('இந்தப் பரிவர்த்தனை நான் செய்ததல்ல' என்ற மறுப்புப் படிவம்) கேட்டு நிரப்பிக் கொடுங்கள். துபாயில் இருந்தால் துபாய் போலீஸின் இ-கிரைம் தளத்தில் புகார் பதியலாம். அவசரம் இல்லாத விசாரணைக்கு 901. அபுதாபியில் அமான் சேவை, 8002626. மற்ற இடங்களில் உள்துறை அமைச்சகத்தின் ஆப், அல்லது பக்கத்து ஸ்டேஷன். வங்கியின் பதில் சரியில்லை என்றால் 2023-ல் தொடங்கிய சனதக் என்ற குறைதீர் அமைப்பு இருக்கிறது, ஆனால் முதலில் வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும்.

இந்தியக் கணக்கு என்றால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930. வெளிநாட்டு சிம்மிலிருந்து இந்தக் குறுகிய எண் போகும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். ஊரில் விவரம் தெரிந்த ஒருவரை உடனே அழைக்கச் சொல்லுங்கள். கணக்கு எண், கிளை, பரிவர்த்தனை எண் இதெல்லாம் அவரிடம் இருக்க வேண்டும். வங்கியின் 1800 நம்பரும் இங்கிருந்து போகாமல் இருக்கலாம். +91 என்று தொடங்கும் நம்பரை முன்கூட்டியே குறித்து வையுங்கள். தேசிய சைபர் கிரைம் போர்ட்டலில் பதிந்த பிறகு, தேவைப்பட்டால் நாகர்கோவிலில் மாவட்ட சைபர் கிரைம் போலீஸை வீட்டார் நேரில் பார்க்கலாம்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதி இதுதான்: உங்கள் தவறும் இல்லை, வங்கியின் தவறும் இல்லை, வேறெங்கோ ஓட்டை என்றால், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் இழப்பு உங்கள் தலையில் இல்லை. 4 முதல் 7 வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் பொறுப்பு. அதற்கு மேல் தாமதம் என்றால் வங்கியின் கொள்கைப்படி. ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால் புகார் கொடுக்கும் வரை போனது உங்கள் நஷ்டம்; கொடுத்த பிறகு போவது வங்கியின் நஷ்டம். ஆகவே ஓ.டி.பி. சொல்லிவிட்டோமே என்று வெட்கப்பட்டு இரண்டு நாள் வெளியில் சொல்லாமல் இருப்பதுதான் மிகப் பெரிய செலவு. வங்கி 30 நாளில் சரி செய்யாவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மனிடம் (குறைதீர் அதிகாரி) போகலாம், தகவலுக்கு 14448.

யாரிடம் போவது என்றே புரியாமல் தவிக்கிறவர்களுக்கு அமீரகத்தில் இந்தியத் தூதரகத்தின் உதவி மையம் இருக்கிறது: 800 46342, கட்டணம் இல்லை.

பணத்தை இழந்தவர்களின் நம்பர் கைமாறும். சில வாரம் கழித்து ஒருவன் கூப்பிட்டு, 'உங்க கேஸ் எங்ககிட்ட வந்திருக்கு, பணம் கிடைச்சாச்சு, ரிலீஸ் பண்ண புராசஸிங் ஃபீ மட்டும் கட்டுங்க' என்பான். வக்கீல் என்பான், சைபர் செல் என்பான், புகார் எண்ணைக்கூடச் சரியாகச் சொல்வான். போலீஸோ வங்கியோ பணத்தைத் திருப்பித் தருவதற்குப் பணம் கேட்பதில்லை. அந்த நம்பரையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.