முன் பிறேக்குக்குப் பயப்படாதீர்கள்: புதிதாக பைக் ஓடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் மோட்டார் சைக்கிள் பழக்குவது பெரும்பாலும் அண்ணனோ மாமாவோ மச்சானோதான். பின்னேரம் மைதானத்துக்குக் கூட்டிப்போய், கிளச்சை மெல்ல விடவும் கியர் மாற்றவும் சொல்லித் தந்துவிட்டு, கடைசியில் ஒன்று சொல்வார்கள்: "முன் பிறேக்கை மட்டும் பிடிச்சிராத மனே, தூக்கி எறிஞ்சிரும்." அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் புதிதாக ஓடுகிறவர்களுக்கு இதைவிடப் பிழையான அறிவுரை கிடையாது என்பேன்.

பிறேக் பிடித்ததும் பைக்கின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. முன் சில்லு வீதியில் நன்றாக அழுந்துகிறது, பின் சில்லு இலேசாகிவிடுகிறது. அந்தப் பின் சில்லை மட்டும் இறுக்கினால் அது சுற்றாமல் சறுக்குமே தவிர, வண்டி சீக்கிரம் நிற்காது. வண்டியை நிறுத்துகிற பலத்தில் பெரும்பங்கு முன் பிறேக்கில்தான் இருக்கிறது. ஆளை விழுத்துவது அதைத் திடீரென்று அள்ளிப் பிடிப்பதும், வளைவில் சாய்ந்திருக்கும்போது பிடிப்பதும்தான்.

அதனால் மைதானத்திலேயே இதைப் பழகுங்கள். இருபது, முப்பது கிலோமீற்றர் வேகத்தில் நேராக வந்து, பின் பிறேக்கை இலேசாக மிதித்துக்கொண்டே முன் பிறேக்கை இரண்டு விரலால் மெல்ல அமுக்குங்கள். முன்பக்கம் கொஞ்சம் தாழ்வது கைக்குத் தெரியும். தாழ்ந்த பிறகு இன்னும் அமுக்கலாம். நம் ஊரில் ஓடுகிற பழைய பைக்குகள் பெரும்பாலானவற்றில், சில்லு இறுகிச் சறுக்காமல் தடுக்கிற ஏ.பி.எஸ். கிடையாது, ஆகவே எவ்வளவு அமுக்குவது என்பதை உங்கள் விரல்தான் கற்க வேண்டும். லைசன்ஸ் ட்ரயலில் எட்டுப் போட்டுப் பாஸ் பண்ணியவர்கள்கூட இதைச் செய்து பார்த்திருக்க மாட்டார்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீற்றரில் போனால் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் கடந்துவிடுவீர்கள். வேகம் இரண்டு மடங்கானால், பிறேக் பிடித்த பின் ஓடுகிற தூரம் நான்கு மடங்காகும். காத்தான்குடி பிரதான வீதியில் முன்னால் போகிற ஓட்டோவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை நினைக்க வேண்டும். ஆள் கை காட்டினால் ஓட்டோ அந்த இடத்திலேயே நிற்கும்.

அடுத்தது மணல். கல்லடி முதல் கல்முனை வரை கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகள் பிரதான வீதியோடு சேரும் முடக்குகளில் மணல் படிந்து கிடக்கும். தாரில் ஓடுகிற அதே வேகத்தில் அங்கே திரும்பினால் சில்லு வழுக்கிவிடும். முடக்குக்கு முன்பே, வண்டி நிமிர்ந்து நிற்கும்போதே வேகத்தைக் குறையுங்கள். மணலுக்குள் வந்துவிட்டால் முன் பிறேக்கை விட்டுவிட்டு, ஹாண்டிலை நேராக வைத்து, போக வேண்டிய பக்கத்தைப் பாருங்கள். பயந்து குழியையே பார்த்தால் குழிக்குள்தான் போவீர்கள்; கண் போகிற பக்கம்தான் கை திருப்பும்.

ரயில் தண்டவாளம் கடப்பதும் அப்படித்தான். சரிவாகக் கடந்தால் ரயர் இடுக்கில் பிடிபடும். முடிந்தவரை குறுக்காக, நேர்செங்குத்தாகக் கடக்க வேண்டும். மார்கழி மழையில் அந்த இரும்பு இன்னும் வழுக்கும்.

வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வெள்ளாமை வெட்டுகிற காலத்தில் வீதியில் நெல் காயப்போட்டிருப்பார்கள், வைக்கோலும் உழவு மெசின் சில்லில் வந்த சேறும் கிடக்கும். இரவில் மாடுகள் சூடான தாரில் படுத்துக்கொள்ளும். கருப்பு எருமை ஹெட்லைட்டில் கடைசி நேரத்தில்தான் தெரியும். வெளிச்சம் எட்டுகிற தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகம், எந்த வீதியானாலும், கூடின வேகம்தான்.

சின்னச் சின்னத் தவறுகளும் உண்டு. பெரும்பாலான பைக்குகளில் சிக்னல் லைட் தானாக அணையாது. போட்டபடி போனால் பின்னால் வருகிறவர் ஏமாந்து முந்துவார். சைட் ஸ்டாண்டை மடிக்காமல் புறப்பட்டால் இடப்பக்கம் திரும்பும்போது அது நிலத்தில் முட்டும். ஹெல்மட் போட்டு வாரைப் பூட்டாமல் ஓடுகிறவர்களைப் பார்த்தால் உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. விழுகிற நேரத்தில் முதலில் கழன்று போவது அந்த ஹெல்மட்தான்.

அப்புறம், பின்னால் ஆளை ஏற்றும் அவசரம். கை பழகும் வரை தனியாகவே ஓடுங்கள். ஆள் ஏறினால் பைக் நிற்கிற தூரமும் திரும்புகிற விதமும் மாறிவிடும். ஏறுகிறவருக்கும் ஹெல்மட் வேண்டும். அம்மாவோ தங்கச்சியோ ஏறினால் சாரி முந்தானை, சால்வை, அபாயா எல்லாம் செயினுக்கும் சில்லுக்கும் எட்டாமல் மடியில் செருகியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்த பிறகுதான் கிளச்சை விட வேண்டும்.