ஐசிஎஃப் உடம்புக்கு எல்ஹெச்பி கால்: மாதிரி ரயில் பெட்டி செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு வாயிலேயே தொடங்கிவிடுகிறது. "எட்டாவது போகில இடம் கிடைச்சுது" என்று நாகர்கோவிலில் ஒருவர் சொன்னால் அவர் சொல்வது முழுப் பெட்டியை. மாதிரி ரயில் உதிரிகள் விற்கும் இடத்தில் போகி என்றால் பெட்டிக்கு அடியில் இருக்கும் நான்கு சக்கரச் சட்டம் மட்டும்தான். இது தெரியாமல் ஆர்டர் போட்டு, பார்சலைப் பிரித்து, இரண்டு அங்குலச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் உண்டு. கேட்கும்போது 'கோச்', 'போகி' இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். இந்தக் கட்டுரையிலும் அப்படியே.

பெரிய தவறு அடுத்தது. 'இந்தியப் பயணிகள் பெட்டி' என்று ஒரு பெட்டி கிடையாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்து தண்டவாளத்தில் ஓடியவை பெரும்பாலும் இரண்டு குடும்பம். சென்னை பெரம்பூர் தொழிற்சாலையின் (இன்டக்ரல் கோச் ஃபேக்டரி) பெயரால் வந்த ஐசிஎஃப் வகை ஒன்று. ஜெர்மன் நிறுவனமான லிங்க ஹோஃப்மன் புஷ் வடிவமைப்பில் வந்த எல்ஹெச்பி வகை மற்றொன்று. நிறத்தை மாற்றினால் ஒன்று மற்றதாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த அளவுகளைப் பார்க்க வேண்டும்.

ஐசிஎஃப் பெட்டியின் உடல் நீளம் 21,337 மி.மீ. பஃபர் (பெட்டி முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் மோதல் தாங்கி) முனையிலிருந்து பஃபர் முனை வரை 22,297. அகலம் 3,245. போகி மையங்களுக்கு இடையே 14,783, ஒரு போகியில் அச்சுக்கு அச்சு 2,896. எல்ஹெச்பியில் உடல் 23,540, கப்ளரோடு (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) 24,000, அகலம் 3,240, போகி மையங்கள் 14,900, அச்சுக்கு அச்சு 2,560.

இதை எச்ஓ ஸ்கேலுக்கு, அதாவது 1:87-க்குக் கொண்டுவந்தால் ஐசிஎஃப் உடல் 245 மி.மீ., எல்ஹெச்பி 271 மி.மீ. அகலம் இரண்டிலும் 37-ஐ ஒட்டித்தான். போகி மையங்களும் 170, 171 என்று கிட்டத்தட்ட ஒன்றே. ஏமாற்றுவது இந்த ஒற்றுமைதான். உடல் மட்டும் 26 மி.மீ. நீள்கிறது, அதுவும் முழுக்க இரண்டு முனைகளில். போகியோ தலைகீழ்: நீளமான பெட்டிக்குக் குட்டைப் போகி. ஐசிஎஃப் அச்சு இடைவெளி 33.3 மி.மீ., எல்ஹெச்பிக்கு 29.4. ஐசிஎஃப் உடம்புக்கு எல்ஹெச்பி காலை மாட்டினால், காரணம் சொல்லத் தெரியாதவருக்கும் பெட்டி ஏதோ சரியில்லை என்று தோன்றும்.

சக்கரத்தில் ஒரு வசதி இருக்கிறது. நம் பெட்டிகளின் புதுச் சக்கர விட்டம் 915 மி.மீ. அமெரிக்க மாதிரிகளுக்கு விற்கும் '36 அங்குல' எச்ஓ சக்கரம் அதே அளவு, 10.5 மி.மீ. '33 அங்குலம்' என்பதை வாங்காதீர்கள். அது சரக்கு வண்டிக்கானது, பெட்டி அரை மி.மீ. தாழ்ந்து உட்காரும்.

பழைய ஐரோப்பியப் பெட்டியை வாங்கி நீலம் அடிப்பது இன்னொரு பழக்கம். அங்கே 26.4 மீட்டர் பெட்டிகளை வளைவில் ஓடுவதற்காக நீளத்தை மட்டும் சுருக்கி விற்பார்கள். 1:100 நீளத்தில் வருவது 264 மி.மீ., 1:93.5-இல் வருவது 282. முதலாவது நம் ஐசிஎஃப் மாதிரியின் 256-க்குப் பக்கத்தில், இரண்டாவது எல்ஹெச்பியின் 276-க்குப் பக்கத்தில். அளவுகோல் வைத்ததும் 'பொருந்துகிறதே' என்று தோன்றும். அகலத்தை அளந்து பாருங்கள்: அந்தப் பெட்டி 32.5 மி.மீ.தான். நம் பெட்டி 37. கிட்டத்தட்ட 5 மி.மீ. ஒல்லி. எவ்வளவு நன்றாக வண்ணம் அடித்தாலும் அது நம்மூர் ரயிலாகாது.

தண்டவாள அகலத்தைப் பற்றிச் சண்டை போட வேண்டியதில்லை, முடிவெடுத்தால் போதும். நம் அகலப் பாதை 1,676 மி.மீ.; 1:87-இல் 19.3. கடையில் கிடைக்கும் எச்ஓ பாதை 16.5. கடைப் பாதையிலேயே ஓட்டி, உடல் அகலத்தைச் சரியாக வைத்துக்கொள்வது பெரும்பாலோர் வழி, அதில் குறையில்லை. குறை எங்கே என்றால், பாதைக்கு ஏற்ப உடலையும் சுருக்குவதில். 16.5 மி.மீ. பாதையை அகலப் பாதையாகக் கணக்கிட்டால் ஸ்கேல் 1:102 ஆகிவிடும். அப்புறம் கடையில் கிடைக்கும் எஞ்சின், ஆள், நடைமேடை எதுவும் பொருந்தாது.

இனி அளவு எடுப்பது. நடைமேடையில் நின்று எடுத்த படத்தை வைத்துப் பெட்டி வரைவது வீண் வேலை. உயர நடைமேடை தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மி.மீ. உயரம், போகி, பேட்டரிப் பெட்டி எல்லாம் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். நடுவில் தண்டவாளம் காலியாக இருக்கும் நேரத்தில் எதிர் நடைமேடையிலிருந்து எடுங்கள். பாதையில் இறங்கி எடுக்கக் கூடாது; ஆபத்து மட்டுமல்ல, ரயில்வே சட்டப்படி குற்றமும்கூட. கன்னியாகுமரி கடைசி நிலையம் என்பதால் வண்டிகள் அங்கே ஆற அமர நிற்கும், அவசரமில்லை. கூரைக்கு நடைமேம்பாலம். இரண்டு பக்கமும் எடுத்தே ஆக வேண்டும்: அடிச்சட்டத்தில் தொங்கும் பெட்டிகளும் தொட்டிகளும் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. அகலக் கோண லென்ஸை விட்டுவிட்டு, முடிந்தவரை தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள்; பக்கத்தில் நின்றால் முனைகள் சுருங்கும்.

படத்தில் அளவு பிடிக்கச் சக்கரத்தை அளவுகோலாக எடுப்பது மிகப் பரவலான தவறு. புதிதில் 915 மி.மீ. இருக்கும் சக்கரம் ஓடித் தேய்ந்து, கடைந்து, 825 வரை போன பிறகுதான் கழிக்கப்படுகிறது. தேய்ந்த சக்கரத்தை 915 என்று வைத்துக் கணக்கிட்டால் 21.3 மீட்டர் ஐசிஎஃப் பெட்டி 23.6 மீட்டராக வரும். அதாவது கணக்கிலேயே எல்ஹெச்பி ஆகிவிடும்! அச்சுக்கு அச்சு தூரத்தை எடுங்கள். 2,896 என்பது தேயாது.

வரைந்ததை அச்செடுக்கும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை அணைத்துவிடுங்கள். தாளின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்று போட்டு, அச்சான பின் இரும்பு ஸ்கேலால் அளக்கவும். 271 மி.மீ. பெட்டி ஏ4 தாளில் ஒட்டி ஒட்டி அடங்கும், அதனால் பிரிண்டர் சொல்லாமலே சுருக்கும்.

சுவருக்கு 3 மி.மீ. ஃபோம் போர்டு எடுப்பவர்கள் அதை 87-ஆல் பெருக்கிப் பார்க்கட்டும்: 26 செ.மீ. சுவர். ஜன்னல் வழியே பார்த்தால் வட்டக்கோட்டை மதில் தெரியும், பெட்டி தெரியாது. 0.5 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தாள் போதும், உள்ளே அங்கங்கே தாங்கு பட்டை ஒட்டலாம். குளிர்சாதனமில்லாத பெட்டியின் ஜன்னல் கம்பிகளை ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்டுவதும் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வெட்டி, உள்பக்கம் 0.3 மி.மீ. கம்பி கிடையாக ஒட்டினால் நிழல் விழும், கண் நம்பும். ஏசி பெட்டிக்குக் கம்பி கிடையாது, மூடிய கண்ணாடி. கூரையும் அப்படியே: ஐசிஎஃப் படுக்கைப் பெட்டிக்குக் காற்றுப் போக்கிகள், கூரை ஏசி வகைக்கு இரு முனைகளிலும் ஏசி யூனிட்.

ஜன்னல் எண்ணிக்கையைப் படுக்கையிலிருந்து சரிபார்க்கலாம். ஐசிஎஃப் படுக்கைப் பெட்டியில் 72 படுக்கை, அதாவது 9 அறை. எல்ஹெச்பியில் 80, 10 அறை. மூன்றடுக்கு ஏசி என்றால் ஐசிஎஃப்பில் 64-க்கு 8, எல்ஹெச்பியில் 72-க்கு 9. உங்கள் வரைபடத்தில் எல்ஹெச்பி படுக்கைப் பெட்டிக்கு 9 அறை வந்தால், நீங்கள் ஐசிஎஃப் வரைபடத்தை இழுத்து நீட்டியிருக்கிறீர்கள்.

வளைவில்தான் பெரும்பாலான உழைப்பு வீணாகிறது, ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் பிதுங்கும். 457 மி.மீ. ஆர வளைவில் ஐசிஎஃப் முனை சுமார் 8.6 மி.மீ. வெளியே போகும், எல்ஹெச்பி முனை 12. ஆரத்தை 610 ஆக்கினால் 6.4, 9. நடுப்பகுதி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான், 457-இல் 8 மி.மீ. ஐசிஎஃப்புக்கு அளந்து வைத்த நடைமேடையும் சிக்னல் கம்பமும் எல்ஹெச்பி வந்த அன்று உரசுவது இதனால்தான்.

பெட்டிகளுக்கு இடையிலான சந்து இன்னும் நுட்பமானது. ஸ்கேலில் அந்தச் சந்து ஐசிஎஃப்புக்கு 11 மி.மீ., எல்ஹெச்பிக்கு 5.3 மட்டும். நேர்ப்பாதையில் 5.3 வைத்து இணைத்தால் அழகோ அழகு. வளைவுக்குள் போனதும் இரண்டு பெட்டிகளின் உள்மூலைகள் நெருங்கும். நெருங்கும் அளவு, அரை அகலத்தை (18.6) ஒரு பெட்டியின் மொத்த நீளத்தால் (276) பெருக்கி, ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். 610 ஆரத்தில் அது 8.4 மி.மீ. இருப்பதோ 5.3. மூலைகள் இடித்து, பெட்டி தூக்கி, கவிழும். இடிக்காமல் போக 970 மி.மீ. ஆரமாவது வேண்டும். அதற்கு இடமில்லாத வீட்டில், நேர்ப்பாதையில் சுருங்கி வளைவில் நீளும் கப்ளர் அமைப்பைப் பொருத்துங்கள், அல்லது சந்தை 9 மி.மீ. ஆக்கி மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். ஐசிஎஃப்பில் சுவர் இடிக்காது, பஃபர்கள்தான் முட்டும். பஃபர் தலையை ஸ்பிரிங்கில் வைக்க வேண்டும், முடியாவிட்டால் அழுந்திய நிலையில் குட்டையாக ஒட்ட வேண்டும். எல்ஹெச்பிக்குப் பக்க பஃபரே கிடையாது. இருந்தும் அதற்குப் பஃபர் ஒட்டிய மாதிரிகளைப் பார்க்கத்தான் செய்கிறோம்.

இதையெல்லாம் பெட்டி செய்யும் முன்பே சோதிக்கலாம். 271-க்கு 37 மி.மீ. அட்டை ஒன்று வெட்டி, நடுக்கோட்டில் 171 மி.மீ. இடைவெளியில் இரண்டு குண்டூசி குத்தி, ஊசிகள் இரண்டும் பாதையின் நடுவிலேயே இருக்கும்படி வளைவு முழுக்கத் தள்ளிப் பாருங்கள். எங்கே உரசுகிறதோ அங்கே பென்சில் குறி. பத்து நிமிட வேலை.

எடைக்கு என்.எம்.ஆர்.ஏ. (அமெரிக்க மாதிரி ரயில் சங்கம்) பரிந்துரை எச்ஓவில் 1 அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். ஐசிஎஃப் பெட்டிக்குச் சுமார் 165 கிராம், எல்ஹெச்பிக்கு 180. 3டி பிரிண்டரில் அச்சடித்த வெறும் உடல் இதில் பாதிகூட வராது. எஞ்சின் இழுக்கும்போது நடுப்பெட்டி வளைவுக்குள் சாயும். குளச்சல், முட்டம் பக்கம் வலைக்கடைகளில் கிடைக்கும் ஈயக்குண்டு எடைக்கு நல்லது, ஆனால் மரவேலை வெள்ளைப் பசையில் ஒட்டவே கூடாது. அந்தப் பசையும் ஈயமும் சேர்ந்து மெல்ல வினைபுரிந்து ஊதும். சில மாதம், சில வருடம் கழித்துத் தரைப்பலகை வெடித்து நிற்கும். எபாக்சி பயன்படுத்துங்கள், கையைக் கழுவுங்கள், எடையைத் தரையோடு ஒட்டித் தாழ்வாக வையுங்கள். கூரைக்குள் அல்ல.

காலக் குழப்பம் வேறு வகை. நம் மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-இல், திருவனந்தபுரம் பக்கத்திலிருந்து, அகலப் பாதையாக. திருநெல்வேலி இணைப்பு 1981. எனவே நாகர்கோவில் நிலைய மாதிரியில் மீட்டர் கேஜ் பெட்டி நின்றால் அது கற்பனை; திருநெல்வேலி வரைதான் அது இருந்தது. எண்பதுகளின் காட்சிக்குச் செங்காவி நிற ஐசிஎஃப். நீலம் தொண்ணூறுகளில். எல்ஹெச்பி இந்தியாவுக்கே 2000-ஐ ஒட்டித்தான். பயோ டாய்லெட் தொட்டியை 2019-க்குப் பிந்தைய பெட்டியில் ஒட்டாமல் விட்டுவிடக் கூடாது, எண்பதுகளின் பெட்டியில் ஒட்டவும் கூடாது. ஒரே ரேக்கில் (சேர்ந்து ஓடும் பெட்டித் தொடரில்) ஐசிஎஃப், எல்ஹெச்பி இரண்டையும் கலப்பதும் வேண்டாம், கப்ளரே வேறு. முழு ரேக் ஐசிஎஃப்பில் 24 பெட்டி, எல்ஹெச்பியில் 22. எச்ஓவில் இரண்டும் ஆறு மீட்டர் சொச்சம். வீட்டில் எட்டுப் பெட்டி போட்டாலே பெரிய விஷயம்.

பெட்டி எண்ணை மனம்போல் எழுதாதீர்கள். வழக்கமான ஐந்து இலக்கத்தில் முதல் இரண்டு கட்டிய வருடம், கடைசி மூன்று வகை. 201 முதல் 400 வரை படுக்கைப் பெட்டி, 101 முதல் 150 வரை மூன்றடுக்கு ஏசி, 401 முதல் 600 வரை பொதுப்பெட்டி. 13234 என்றால் 2013-இல் கட்டிய படுக்கைப் பெட்டி. அதே எண்ணை ஏசி பெட்டியில் ஒட்டினால் தெரிந்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். வகைக் குறியீடும் அப்படியே: எல்ஹெச்பி படுக்கைப் பெட்டி எல்.டபிள்யூ.எஸ்.சி.என்., ஐசிஎஃப் என்றால் அந்த முதல் 'எல்' வராது.

கடைசியில் வண்ணம். நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. ஈரக்காற்றில் ஸ்பிரே அடித்தால் பூச்சின்மேல் பால்போல வெண்படலம் படியும். வெயில் நாளில் முற்பகல் பத்து மணிக்கு மேல், மெல்லிய பூச்சாக, இடையில் கால் மணி நேரம் விட்டு அடியுங்கள். டீகாலை (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்துத் தாள்) இன்க்ஜெட்டில் அச்சடித்தால் தண்ணீரில் விடுமுன் மேலே தெளிவான வார்னிஷ் இரண்டு முறை. இல்லாவிட்டால் மை கரைந்து பெட்டி எண் நீலத் திட்டாகும். பிஎல்ஏ என்ற 3டி பிரிண்டர் பிளாஸ்டிக்கில் அச்சடித்த உடலைக் காயவைக்கிறோம் என்று வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிடாதீர்கள், 60 டிகிரியை ஒட்டியே அது இளகிக் கூரை தொய்யும். கடலோர வீடுகளில் இரும்புத் தண்டவாளமும் இரும்புத் திருகும் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பாதை நிக்கல் சில்வர், போகித் திருகு பித்தளை.