இனச் சாய்வு: ஆசிரியர் பயிற்சியில் நான் எடுக்கும் வகுப்பு

"உங்களுக்குள் இனப் பாகுபாடு இருக்கிறதா?" என்று பயிற்சிக்கு வருபவர்களிடம் இப்போதெல்லாம் கேட்பதில்லை. முன்பு கேட்டேன். பாதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், மீதிப் பேர் எனக்குப் பிடித்த பதிலாகப் பார்த்துச் சொன்னார்கள்.

அதனால் முதல் நாளே ஒரு கட்டுரையைத் திருத்தக் கொடுத்துவிடுகிறேன். எல்லோருக்கும் அதே கட்டுரை, அதே பிழைகள். மாணவனின் பெயர் மட்டும் பாதித் தாள்களில் ஓர் இனத்துப் பெயர், மீதியில் இன்னோர் இனத்துப் பெயர். முடிந்ததும் மதிப்பெண்களைப் பலகையில் இரண்டு வரிசையாக எழுதச் சொல்வேன். எண்களைவிட ஓரத்தில் எழுதிய குறிப்புகளைச் சத்தமாகப் படிக்கும்போதுதான் அறை அமைதியாகும்.

அமெரிக்காவில் கல்வி ஆய்வாளர் டேவிட் குவின் 2020-இல் வெளியிட்ட ஆய்வும் இப்படித்தான். இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியதாக ஒரு பத்தி. அதில் வரும் சகோதரனின் பெயர் சிலருக்கு டஷான் என்ற கறுப்பினப் பெயர், சிலருக்கு கானர் என்ற வெள்ளையினப் பெயர். கறுப்பினப் பெயர் இருந்த பத்தியை ஆசிரியர்கள் தாழ்வாக மதிப்பிட்டார்கள். தெளிவான அளவுகோலை வைத்து மதிப்பிட்டபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே தாள்கட்டைப் பிரிக்கும் முன்பே எதற்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதி வையுங்கள். பெயரை மறைப்பதும் நல்லதுதான், ஆனால் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, ஒருவர் பாடம் நடத்த, இன்னொருவர் பின்வரிசையில் இருக்கை வரைபடத்தோடு உட்கார வேண்டும். யாரிடம் கேள்வி போனது, பதிலுக்கு எத்தனை விநாடி காத்திருந்தார், ஒரே சலசலப்புக்கு யார் பெயர் மட்டும் கூப்பிடப்பட்டது என்று கோடு போட்டால் போதும், கருத்து வேண்டாம். என்னையும் ஒருமுறை எண்ணினார்கள். உச்சரிப்பு வேறாக இருந்த இரண்டு பிள்ளைகளுக்கு நான் ஒரு விநாடிகூடக் காத்திருக்கவில்லை. சங்கடப்படுத்தக் கூடாது என்று நானே பதிலைச் சொல்லி நகர்ந்திருக்கிறேன். அதைக் கரிசனம் என்றே நினைத்திருந்தேன்!

புகார் எழுதும்போது கண்ணால் கண்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். "திமிராக நடந்தான்" என்பதை அடித்துவிட்டு, "பென்சிலால் மேசையை 3 முறை தட்டினான்" என்று எழுதிப் பார்த்தால், பல புகார்கள் அங்கேயே நின்றுவிடும்.

1998-இல் அறிமுகமான உள்மனத் தொடர்புச் சோதனை, சொற்களையும் படங்களையும் எவ்வளவு வேகமாக இணைக்கிறோம் என்பதை வைத்து நாம் அறியாத சாய்வை அளக்கப் பார்ப்பது. அதை விரும்பினால் செய்து பார்க்கட்டும். அதன் மதிப்பெண்ணை வைத்து யாரையும் எடைபோடாதீர்கள்.

அப்புறம், ஒரு நாள் பயிலரங்கோடு விட்டுவிடாதீர்கள். நான்கு வாரம் கழித்து அதே வரைபடத்தோடு மறுபடி எண்ணுங்கள்.