ஆம்ப்ளிஃபயர் மாற்றும் முன் ஒரு கண்ணாடி

செட்டிநாட்டு வீட்டில் ஸ்பீக்கர் ஒலி காதைக் குத்தினால், ஆம்ப்ளிஃபயரை மாற்றும் முன் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை எடுங்கள். பாட்டுக் கேட்கும் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்துகொண்டு, இன்னொருவரைப் பக்கச் சுவரோடு ஒட்டி, காது உயரத்தில் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். ஸ்பீக்கரில் கூர்மையான ஒலி தரும் சிறிய பகுதியான ட்வீட்டர் கண்ணாடியில் எங்கே தெரிகிறதோ அங்கேதான் ஒலி பட்டுத் திரும்புகிறது. இரு சுவர்களிலும், இரண்டு ஸ்பீக்கருக்கும் பாருங்கள்.

அந்த இடங்களில் 4 அங்குலத் தடிமன் ராக்வுல் (ஒலியை உறிஞ்சும் கல் இழை) பலகையைத் துணி போர்த்தி, சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஆணி மட்டும் வேண்டாம். பழைய சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்தால், அதே வழவழப்பில் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடி அலைய வேண்டும்.

கண்ணாடி போன்ற அந்தச் சுவரும் ஆத்தங்குடி ஓடு பதித்த தரையும் ஒலியை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. நேர் ஒலிக்குச் சில மில்லி விநாடி பிந்தி எதிரொலி வந்து கலப்பதால்தான் பாடுபவரின் குரல் ஓரிடத்தில் நிற்காமல் கலங்குகிறது. தரைக்கு ஜமுக்காளம் தனியாகப் போதாது, அடியில் கனமான ஃபெல்ட் விரியுங்கள்.

பேஸ் (தாழ்ந்த ஒலி) குமுறலுக்கு இது உதவாது; அதற்கு ஸ்பீக்கரையோ நாற்காலியையோ நகர்த்திப் பார்க்க வேண்டும். வளவுப் (உள்முற்றம்) பக்கம் சுவரின்றித் திறந்திருந்தால் அந்தப் பக்கம் பலகை வீண் செலவு.