லோடில் மட்டும் தளர்ந்த மோட்டார்: என் அனுபவம்

ஈத்தாமொழிப் பக்கம் எங்கள் தும்பு (தேங்காய் நார்) மில்லில் 4 போல் த்ரீ பேஸ் மோட்டார் ஒன்று. சும்மா ஓடும்போது குறையே தெரியாது. கதம்பை (தேங்காய் மட்டை) போட்டதும் நேம் பிளேட்டில் உள்ள நிமிடத்துக்கு 1440 சுற்றுக்கும் கீழே வேகம் இறங்கும், பாடி கொதிக்கும். பேரிங், பெல்ட் மாற்றினோம். வோல்டேஜ், வைண்டிங் எல்லாம் சரி.

அப்புறம்தான் முள் அம்மீட்டரைக் கவனித்தேன். லோடு ஏறினால் முள் ஒரே தாளத்தில் ஆடியது. லோடு கூடக்கூட ஆட்டமும் வேகமானது. டிஜிட்டல் மீட்டரில் இதைப் பிடிப்பது கஷ்டம். 50 ஹெர்ட்ஸில் 4 போல் மோட்டாரின் சிங்க்ரோனஸ் வேகம், அதாவது உள்ளே காந்தப்புலம் சுழலும் வேகம், 1500. மோட்டார் 1470-இல் ஓடினால் ஸ்லிப் (அந்த வேகத்துக்குப் பின்தங்கும் அளவு) 2 சதவீதம், ரோட்டாரில் (சுழலும் பாகம்) கரண்ட் 1 ஹெர்ட்ஸ். ரோட்டார் பார் (ரோட்டாரில் கரண்ட் ஓடும் உலோகக் கம்பி) உடைந்திருந்தால் முள் அதன் இரு மடங்கு, நொடிக்கு 2 தடவை ஆடும். இங்கே அந்த இரு மடங்குக் கணக்குப்படியேதான் ஆடியது!

கழற்றிப் பார்த்தால், பார்களை முனையில் இணைக்கும் எண்ட் ரிங் ஓரத்தில் பார்களில் விரிசல். அதே லோடை இழுக்கக் கூடுதல் ஸ்லிப், அதனால் சூடு. வேறு ரோட்டார் போட்டோம். இப்போது முழு லோடிலும் 1440 ஓடுகிறது, பெரிய நிம்மதி.