ரஷ்யப் புரட்சியின் தேதிகளைக் குழம்பாமல் படிப்பது எப்படி?

1917-இல் ஜார் ஆட்சி வீழ்ந்த நாட்களைப் படிக்கும்போது, கையிலுள்ள நூல் பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். பின்பற்றினால், இன்றைய நாட்காட்டியின் தேதி கிடைக்க ஒவ்வொரு தேதியுடனும் 13 நாட்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். அன்றைய தலைநகர் பெட்ரோகிராடில் ரொட்டிக்காக வரிசையில் நின்று சலித்த பெண்களும் நெசவாலைத் தொழிலாளிகளும் தெருவில் இறங்கிய பிப்ரவரி 23, இவ்வாறு மார்ச் 8 ஆகிறது. அது மகளிர் தினம் என்பது அப்போதுதான் பிடிபடும்.

அடுத்து, கூட்டத்தின் அளவைவிடப் படைவீரர்களின் போக்கைக் கவனியுங்கள். பழைய கணக்கில் பிப்ரவரி 26-ஆம் தேதி மக்களைச் சுட்ட வோலின்ஸ்கி படைப்பிரிவினரே மறுநாள் காலையில் தம் அதிகாரியைக் கொன்றுவிட்டுக் கிளர்ச்சியில் சேர்ந்தனர். என் கணிப்பில் முடியாட்சி அன்றே முடிந்துவிட்டது; அதே பழைய கணக்கில் மார்ச் 2 அன்று ப்ஸ்கோவ் நகரில், ரயில் பெட்டிக்குள், ஜார் இரண்டாம் நிக்கோலஸ் முடிதுறந்து பென்சிலால் இட்ட கையெழுத்து வெறும் சடங்குதான். மறுநாள் அவருடைய தம்பி மிகாயிலும் அரியணையை ஏற்க மறுத்தார்.